டிக்கியில் நான்கு துளைகள்

என் காருக்கு ஸ்பாய்லரை, அதாவது டிக்கி மூடியின் ஓரத்தில் நிற்கும் பட்டையை, நானேதான் மாட்டினேன். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. முதல் முறை மாட்டி எட்டு மாதம் ஓட்டிய பிறகு, ஒரு மழை நாளில் ஸ்டெப்னியை எடுக்க டிக்கித் தரையைத் தூக்கினேன். அடியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. கார்ப்பெட்டின் அடிப்பக்கம் ஊறிப்போய்ப் பூசண வாடை அடித்தது. அண்ணாந்து பார்த்தால், ஸ்பாய்லரின் இடது கால் போல்ட்டுக்கு நேர் கீழே, டிக்கி மூடியின் உள்தகட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. அந்தக் கோடு எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

வண்டி சாதாரண நான்கு கதவு செடான், முன்சக்கரம் இழுக்கும் வகை. வாங்கிய ஸ்பாய்லர் ஏபிஎஸ் பிளாஸ்டிக். இரண்டு கால்கள், காலுக்கு இரண்டு போல்ட், நடுவில் எல்இடி பிரேக் விளக்கு. அழகுக்காகத்தான் வாங்கினேன். பின்னாலிருந்து பார்க்கும்போது டிக்கி மொட்டையாக இருக்கிறது என்பது பல நாளாக மனதில் கிடந்தது. தன் வண்டி தன் கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசைதான்.

ஆனாலும் அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. செடானின் கூரையைத் தாண்டிய காற்று பின்கண்ணாடிச் சரிவில் வேகம் பிடித்து இறங்குகிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். அதனால் வண்டியின் பின்பக்கம் லேசாக மேலே தூக்கப்படுகிறது. டிக்கியின் ஓரத்தில் ஒரு சிறு தடுப்பு நின்றால் அங்கே காற்று தேங்கி அழுத்தம் ஏறும், தூக்கல் குறையும். 1961-ல் ஃபெராரியின் பந்தய வண்டிச் சோதனையில் பின்விளிம்பில் குட்டையான ஒரு தகட்டை நிறுத்திப் பார்த்தபோதுதான் பின்பக்கம் அடங்கி ஓடுவதைக் கண்டார்கள். 1972-ல் வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ்ஸின் வாத்து வால் போன்ற பின்பக்கமும் இதே கதைதான். ஆடி டிடி 1998-ல் ஸ்பாய்லர் இல்லாமல் விற்பனைக்கு வந்தது. அதிவேகச் சாலைகளில் விபத்துகள் நடந்த பிறகு, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, வண்டி சறுக்காமல் பிடிக்கும் மின்னணு வசதி சேர்த்து, டிக்கியில் ஒரு சின்ன ஸ்பாய்லரையும் பொருத்திக் கொடுத்தார்கள்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பது 100-ல் நான்கு மடங்கு, 150-ல் ஒன்பது மடங்கு. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு ஸ்பாய்லர் எதையும் செய்யாது. அப்புறம், முன்சக்கர வண்டியில் பெரிய இறக்கை மாட்டினால் இன்னொரு சிக்கல் உண்டு. இறக்கை பின்அச்சுக்கும் பின்னால் நின்று அழுத்துவதால், சீசா பலகை போல முன்பக்கம் லேசாகிறது. இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரம்தானே. அதனால் சிறியதாக, விளிம்போடு ஒட்டினாற்போல் இருப்பதை வாங்குங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்கிறேன்.

இன்னும் ஒன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டேப் ஒட்டி நிற்கிற, கால் இல்லாத லிப் வகை போதும் என்றால் தயவுசெய்து தகட்டில் துளை போடாதீர்கள். அது தெரிந்திருந்தால் நானே அதைத்தான் வாங்கியிருப்பேன். கால் வைத்து உயர்ந்து நிற்கும் வகைக்கு மட்டும் போல்ட் கட்டாயம் வேண்டும்.

பெயின்ட் அடிக்காத நிலையில்தான் என் ஸ்பாய்லர் வந்தது. கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருந்த பெயின்ட் எண்ணைக் குறித்து, உடனே பெயின்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் பார்த்தேன். என் மனைவியின் தம்பி தடுத்தான். “மாமா, முதல்ல டிக்கி மேல வச்சுப் பாருங்க. பொருந்தலன்னா ராவணும், அப்ப பெயின்ட் போயிடும்.” வைத்துப் பார்த்தோம். வலது கால் நன்றாக உட்கார்ந்தது, இடது கால் ஒரு முனையில் 3 மில்லிமீட்டர் தூக்கி நின்றது. எமரி ஷீட்டை, சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்க, டிக்கி மீது விரித்து ஒட்டி, அதன் மேல் அந்தக் காலை முன்னும் பின்னும் தேய்த்தோம். டிக்கியின் வளைவே காலுக்கு அச்சாக அமைந்துவிட்டது. எமரிக்கு அடியில் மூன்று அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்ததால் வண்டிப் பெயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேர வேலை. பெயின்ட் அடித்த பிறகு கண்டுபிடித்திருந்தால், போல்ட்டை இறுக்கியே இடைவெளியை மூடப் பார்த்திருப்பேன், தகடு உள்ளே வளைந்திருக்கும்.

பெயின்ட் அடித்து வந்ததும் உடனே மாட்டவும் கூடாது. புதுப் பெயின்டிலிருந்து தின்னர் வெளியேறிக்கொண்டே இருக்கும். கால்களின் முனையைத் தகட்டோடு ஒட்டும் இருபக்க டேப் அதன் மேல் சரியாகப் பிடிக்காது. பெயின்டர் எத்தனை நாள் சொல்கிறாரோ அத்தனை நாள் பொறுக்க வேண்டும்.

பெட்டியில் ஒரு காகித அச்சு இருந்தது, துளைகள் எங்கே என்று குறித்தபடி. அதை நம்பி டிரில்லை எடுக்க இருந்தேன். சும்மா ஸ்பாய்லரின் அடியில் வைத்துப் பார்த்தபோது போல்ட் இடங்களுக்கும் அச்சில் இருந்த வட்டங்களுக்கும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். காகிதம் அச்சடிக்கும்போதே சுருங்கியிருக்கலாம். எதுவானாலும் அளவை ஸ்பாய்லரிலிருந்துதான் எடுக்க வேண்டும். நாங்கள் செய்தது இது. டிக்கியின் பின்பாதி முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டினோம். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இடத்தில் அளந்து நடுக்கோடு போட்டோம். நடுவில் இருக்கும் கம்பெனிச் சின்னத்தை வைத்து நடுவைக் கணக்கிடாதீர்கள், எங்கள் வண்டியில் அதுவே 2 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. பிறகு ஸ்பாய்லரின் அடியில் போல்ட் முடுக்கும் நான்கு துளைகளின் வாயிலும் லிப்ஸ்டிக் தடவி, நடுக்கோட்டுக்கு நேராக வைத்து, ஒருமுறை மட்டும் அழுத்தி எடுத்தோம். டேப்பின் மேல் நான்கு சிவப்பு வட்டங்கள். அவைதான் சரியான இடங்கள்.

வட்டம் விழுந்ததும் துளை போட்டுவிடவில்லை. டேப்பால் ஸ்பாய்லரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து உள்கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வரும் வண்டியின் முகப்பு விளக்கு தெரியும் உயரத்தில் ஒரு கோடு குறுக்கே ஓடுகிறதா? எனக்கு ஓடவில்லை. ஓடியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். பிறகு மனைவியின் தம்பியை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். பின்கண்ணாடிக்குள் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கை ஸ்பாய்லர் மறைக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த விளக்கு உயரத்தில் இருப்பதே, பின்னால் வருகிறவருக்கு இடையில் இருக்கும் வண்டியின் கண்ணாடி வழியாகவும் தெரியட்டும் என்றுதான். அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து அது கட்டாயம், பிறகு பல நாடுகளும் பின்பற்றின. அதை மறைக்கும் ஸ்பாய்லரைச் சொந்த விளக்கு இல்லாமல் மாட்டவே கூடாது. உங்கள் இடத்து வாகன விதி என்ன சொல்கிறது என்று பார்ப்பதும், காப்பீட்டுக்காரருக்கு ஒரு வரி எழுதிப் போடுவதும் இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியவை.

அடுத்து உள்பக்கம். டிக்கி மூடி ஒரே தகடு இல்லை. வெளித்தகடு ஒன்று, அதற்குள் விறைப்புக்காக மடித்த உள்தகடு ஒன்று, இரண்டுக்கும் நடுவே காலி இடம். உள்ளே இருக்கும் துணி அட்டையின் கிளிப்புகளை நடுமுள்ளை முதலில் தூக்கிவிட்டுக் கழற்றினால் உடையாது. கழற்றிப் பார்த்தபோது மூன்று வட்டங்கள் உள்தகட்டின் பெரிய ஓட்டைகளுக்கு நேராக விழுந்தன, கையை விட்டு நட்டை முடுக்கலாம். நான்காவது ஒரு மடிப்புக்கு நேர் மேலே. இந்த இடத்தில் பலர் இரண்டு தகட்டையும் சேர்த்துத் துளைத்து நீளமான போல்ட்டைப் போட்டு இறுக்குகிறார்கள். நடுவில் காலி இடம் இருப்பதால் இறுக்க இறுக்க வெளித்தகடு குழிந்து போகும், வெளியிலிருந்து பார்த்தால் பள்ளம் தெரியும். உள்தகட்டில் மட்டும் சாக்கெட் நுழையும் அளவுக்கு 20 மில்லிமீட்டர் துளை போட்டு, நட்டு வெளித்தகட்டின் அடியில் மட்டும் உட்காரும்படி செய்ய வேண்டும். அப்படித்தான் செய்தேன். அந்த ஒரு விஷயம் முதல் தடவையே சரியாக அமைந்தது.

துளை போட்ட நேரத்தை மறக்க முடியாது. டிக்கிக்குள் பழைய போர்வையை விரித்தேன். சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியை வட்டத்தின் நடுவில் வைத்து ஒரே தட்டு. அந்தச் சிறு குழி இல்லாவிட்டால் டிரில் பிட் வழுக்கிப் பெயின்டில் கோலம் போட்டுவிடும். 3 மில்லிமீட்டர் பிட்டில் முனையிலிருந்து 5 மில்லிமீட்டர் மட்டும் வெளியே விட்டு, மீதிக்கு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகியிருந்தேன். வெளித்தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பிட் எப்போது உடைத்துக்கொண்டு போகும் என்று கைக்குத் தெரியாது, தெரியும்போது டிரில் முழு எடையோடு உள்ளே பாய்ந்திருக்கும். மெதுவான வேகத்தில் அழுத்தினேன். முதலில் டேப் சுருண்டு வந்தது, பிறகு வண்டியின் நிறத்தில் தூள், அப்புறம் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சான பிரைமர், கடைசியாக ஊசி ஊசியாக வெள்ளித் துணுக்குகள். டக் என்று ரப்பர் குழாய் தகட்டில் முட்டி நின்றது. பக்கத்தில் மனைவியின் தம்பி மூச்சை விட்டான். பிறகு 5 மில்லிமீட்டர், அப்புறம் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்காக 6.5 பிட். நான்கு துளைக்கும் முக்கால் மணி நேரம் ஆனது.

அந்தத் துணுக்குகளைக் கையால் தட்டிவிடக் கூடாது, பெயின்டைக் கீறும். அப்படியே விட்டாலும் ஓர் இரவு பனியில் ஒவ்வொன்றும் ஒரு துருப்புள்ளி ஆகும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தகட்டின் மேல் காட்டினால் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பையை உள்வெளியாகத் திருப்பினால் போதும். கதவிடுக்கு மாதிரியான மடிப்புகளில் வாக்குவம் வையுங்கள்.

இதுவரை எல்லாம் சரி. தவறு இனிமேல்தான். துளையின் விளிம்பைச் சின்ன அரத்தால் ராவிப் பிசிறு எடுத்தேன், அவ்வளவுதான். ராவியதும் அங்கே வெறும் இரும்பு. அதற்குப் பிரைமர் வைக்கவில்லை. ஸ்பாய்லர் மூடிக்கொள்ளப் போகிற இடம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றியது. தண்ணீர் புகாமல் இருக்கக் குளியலறைக்கு வாங்கி மீந்திருந்த சிலிக்கானை ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வைத்தேன். நல்ல புளித்த வினிகர் வாடை அடித்தது. அந்த வாடைக்கு அர்த்தம் உண்டு. அவ்வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. வெறும் இரும்பின் மேல் அமிலம் வைத்து, அதன் மேல் மூடியும் போட்டுவிட்டேன்.

விளக்கின் ஒயரிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரியின் நெகட்டிவை இணைப்பு வேலையின்போது கழற்றி வைத்தேன். டெயில் விளக்கில் இழுப்பதைவிட, வண்டியில் ஏற்கெனவே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கின் கனெக்டரிலிருந்து எடுப்பது நிம்மதி. பெரும்பாலும் அங்கே பிரேக் ஒயர், எர்த் ஒயர் என்று இரண்டுதான் இருக்கும், குழப்பம் வராது. மல்டிமீட்டரில் பிரேக் மிதித்தால் 12 வோல்ட், காலை எடுத்தால் பூஜ்யம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதோடு விடாதீர்கள், வெயிலில் அந்தப் பசை இளகி நழுவிவிடும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். கீல் அருகே ஒயரைத் தளர்வாக விட்டு, டிக்கியைப் பத்து முறை திறந்து மூடி, எங்கும் நசுங்கவில்லை என்று பார்த்தேன். பல்பு போனால் எச்சரிக்கை காட்டும் வண்டிகளில் கூடுதல் விளக்கு போட்டதும் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரலாம், அதற்கு எலக்ட்ரீஷியனைக் கேட்பது நல்லது.

எதிர்பாராதது டிக்கியின் எடை. ஸ்பாய்லர் 2 கிலோதான். ஆனால் கீலிலிருந்து தள்ளி விளிம்பில் உட்கார்வதால் மூடிக்கு அது பெரிய பாரம். மறுநாள் பையை எடுக்கக் குனிந்தபோது மூடி மெல்ல இறங்கி முதுகில் உட்கார்ந்தது. என் வண்டியில் மூடியைத் தாங்குவது கேஸ் அடைத்த குழாய், அதாவது கேஸ் ஸ்ட்ரட் வகை, குழாயின் மேலேயே நியூட்டன் அளவு எழுதியிருக்கும். ஒரு படி கூடுதல் விசை உள்ள ஜோடியை வாங்கி மாற்றினேன். உங்களுடையது முறுக்குக் கம்பி வகை என்றால் நீங்களே கை வைக்காதீர்கள். இழுத்து மாட்டியிருக்கும் கம்பி நழுவினால் முகத்தில் அடிக்கும்.

பிறகு எட்டு மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்த அன்றே நட்டுகளைக் கழற்றினேன். காலின் அடியில் ஒட்டியிருந்த டேப்பை அறுக்க ஹேர் டிரையரில் சூடு காட்டி, தூண்டில் நரம்பை உள்ளே விட்டு ரம்பம் போல இழுத்தோம். இடது கால் கையோடு வந்தது. துளையைச் சுற்றி நாணய அளவுக்குப் பெயின்ட் உப்பி நின்றது. நகத்தால் தொட்டதும் அப்பளம் போல் உடைந்து, உள்ளே ஈரமான சிவப்புத் தூள். சிலிக்கான் மட்டும் முழுசாக, வளையமாக, துருவைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தது. தண்ணீர் அதைத் தாண்டி வரவில்லை, அதற்கு அடியில் துரு திறந்துவிட்ட வழியில் வந்திருக்கிறது. மற்ற மூன்று துளைகளும் ஆரம்ப நிலையில் இருந்தன.

பயந்துபோய் ஒரு வயதான டிங்கரிடம் வண்டியைக் காட்டினேன். துளையின் விளிம்பில் சுண்டு விரலை ஓட்டிப் பார்த்தார். “தகடு நல்லா இருக்குப்பா. துளைய மட்டும் வெறுமையா விட்டுட்ட. தோலைக் கிழிச்சா மறுபடி தோல் போர்த்தணும்ல” என்றார். வேலையைத் தான் செய்கிறேன் என்று சொல்லாமல், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பெரியவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் சொன்னபடி, 80 நம்பர் எமரியில் ஆரம்பித்து இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தேன். குழிக்குள் மிஞ்சிய துருவுக்கு, அதை மாற்றி அடக்கும் ரஸ்ட் கன்வர்ட்டர் திரவம் தடவி, அது கறுத்துக் காய்ந்ததும் மிச்சத்தைத் துடைத்தேன். இரண்டு கோட் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் டச்சப் பெயின்ட், அதன் மேல் நிறமில்லாத கிளியர் பூச்சு. துளையின் உள்விளிம்புக்கும் தகட்டின் அடிப்பக்கத்துக்கும் மெல்லிய பிரஷ்ஷால் தனியாகப் பூசினேன், அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். சிலிக்கானுக்குப் பதில் பிசுபிசுப்பான ரப்பர் பட்டையான பியூட்டைல் டேப்பை உருட்டி வளையமாக்கி ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றி வைத்தேன். அது காய்ந்து இறுகாது, எப்போதும் பிசுபிசுப்பாக இருந்து தகட்டோடு சேர்ந்து அசையும். சிலிக்கான்தான் வேண்டும் என்றால் வினிகர் வாடை வராத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். அடியில் அகலமான வாஷர், அதன் மேல் நைலான் வளையம் உள்ள நட்டு. நான்கையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, பியூட்டைல் ஓரத்தில் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்தினேன். அதற்கு மேல் நட்டைத் திருகினால் பிளாஸ்டிக்குக்குள் முடுக்கிய போல்ட் கழன்று சுற்ற ஆரம்பித்துவிடும்.

கால்களின் முனைக்கு ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப்பையும் இந்த முறை நிதானமாக ஒட்டினேன். மெழுகோ பாலிஷோ கொஞ்சம் இருந்தாலும் அது பிடிக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து இரண்டு முறை துடைத்தேன், ஒவ்வொரு முறையும் புதுத் துணி. இந்த டேப்பை ஒட்ட ஏற்ற வெப்பம் 21 முதல் 38 டிகிரி செல்சியஸ். 10 டிகிரிக்குக் கீழே ஒட்டவே வேண்டாம். பிடிமானம் 20 நிமிடத்தில் பாதி வரும், ஒரு நாளில் 90 சதவீதம், முழுசாக வர 72 மணி நேரம். அந்த மூன்று நாளும் வண்டியைக் கழுவக் கூடாது. டேப் மட்டுமே நிறுத்துகிற லிப் ஸ்பாய்லருக்கு இந்த மூன்று நாள்தான் உயிர்.

நான்காம் நாள் தண்ணீர்ச் சோதனை. உள்ளே ஒவ்வொரு நட்டின் மேலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ஒட்டி, டிக்கியை மூடி, ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் ஸ்பாய்லரின் கால்களிலேயே பீய்ச்சினோம். முதல் முறை மாட்டியபோது இந்தச் சோதனையைச் செய்யவில்லை. செய்திருந்தாலும் அன்றைக்குக் காய்ந்துதான் இருந்திருக்கும், துரு வழி திறக்கப் பல மாதம் ஆகிறதே. அதனால் மழைக்காலம் தொடங்கியதும் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை துணி அட்டையைக் கழற்றி அதே இடங்களில் டிஷ்யூவை ஒற்றிப் பார்க்கிறேன். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன மாதம் இரவெல்லாம் கொட்டி ஓய்ந்த மறுநாள் காலையிலும் ஒற்றிப் பார்த்தேன். நான்கு டிஷ்யூவும் காய்ந்தே இருந்தன, இடது கால் அடியில்கூட.